பத்தாயிரத்தில் ஒன்று

கதிரும் உடலும்: வரலாற்றுத் தொடர் – 17

நோயாளியின் கை நரம்பில் டெக்னீசியம் ஏற்றியாகிவிட்டது. ரத்தத்தோடு ஓடி இதயத் தசையில் அது தங்கியும்விட்டது. இனி அந்தத் தசையிலிருந்து விநாடிக்குப் பல லட்சம் காமாக் கதிர்கள் எல்லாத் திசைகளிலும் கிளம்பிக்கொண்டிருக்கும். அவற்றில் எத்தனை காமா கேமராவின் படத்தில் புள்ளியாக விழுகின்றன? பத்தாயிரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். சில கதிர்களை உடம்பே விழுங்கிவிடுகிறது. பல, கேமரா இல்லாத திசையில் போய்விடுகின்றன. கேமராவரை வந்து சேர்ந்தவற்றிலும் பெரும்பகுதி அதன் முகப்பிலுள்ள காரீயத் தகட்டில் மடிகின்றன. ஒரு மனிதருக்கு மாரடைப்பு வருமா, அடைப்பு எந்தத் தமனியில் இருக்கிறது என்பதையெல்லாம் மிஞ்சிய அந்தச் சொற்பக் கதிர்களை வைத்துத்தான் மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள்.

டெக்னீசியம் என்ற தனிமம் பிறந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். இந்த இதழில் அதைப் படமெடுக்கும் கருவியின் கதை. அரை நூற்றாண்டுக் காலம் நடந்த இந்தக் கதையின் மையத்தில் இருப்பது அந்த வீணடிப்புதான் என்பது என் எண்ணம். அதைக் குறைக்க நடந்த ஒவ்வொரு முயற்சியும் இதயப் படத்தை ஒரு படி மேலே கொண்டுபோனது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் டோனர் ஆய்வகம் இருந்தது. சைக்ளோட்ரானைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் லாரன்ஸின் தம்பி ஜான் லாரன்ஸ் அதை நடத்திவந்தார். போர்க்காலத்தில் ரேடார் எதிர்ப்புக் கருவிகளில் வேலை பார்த்த ஹால் ஆங்கர் என்ற மின்பொறியாளர் 1948ல் அங்கே வந்து சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உடலுக்குள் இருக்கும் கதிரியக்கத்தைப் படமாக்க இருந்த முக்கிய வழி, பெனடிக்ட் காசன் லாஸ் ஏஞ்சலிஸில் உருவாக்கிய ஸ்கேனர். ஒரு சிறு படிகம் உடலின் மேல் வரிவரியாக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று எண்ணும். தைராய்டு அசையாத உறுப்பு; அதற்கு இது போதும். நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் இதயத்தை இப்படி எடுக்க முடியாது. ஸ்கேனர் ஒரு மூலையில் எண்ணிக்கொண்டிருக்கும்போது மறு மூலையில் நடப்பதெல்லாம் பதிவாகாமலே போய்விடும்.

முழு உறுப்பையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆங்கரின் எண்ணம். 1957ல் அவர் கட்டிய கேமராவின் பாகங்களைக் கேட்டால் இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள். 4 அங்குல விட்டமும் கால் அங்குலப் பருமனும் கொண்ட ஒரு சோடியம் அயோடைடுப் படிகம். அதன் முதுகில் ஒட்டிய ஏழு ஒளிப்பெருக்கிக் குழாய்கள். சில மின் உறுப்புகள். ஒரு ஆஸிலோஸ்கோப் திரை. அதைப் படம்பிடிக்க ஒரு கேமரா. கணினி கிடையாது.

இது வேலை செய்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு காமாக் கதிர் படிகத்துக்குள் மோதியதும் அந்த இடத்தில் ஒரு நொடிப்பொழுது ஒளி மின்னும். டெக்னீசியத்தின் கதிர் என்றால் சுமார் ஐயாயிரம் ஒளித்துகள்கள். அவை படிகத்தில் பரவி ஏழு குழாய்களுக்கும் போய்ச் சேர்கின்றன. அருகிலுள்ள குழாய்க்கு அதிகம், தள்ளியிருப்பதற்குக் குறைவு. ஏழு குழாய்களின் மின் சமிக்ஞைகளையும் அவற்றின் இடத்துக்கேற்ற எடை கொடுத்துக் கூட்டினால், மோதல் இடமா வலமா, மேலா கீழா என்பது இரண்டு மின்னழுத்தங்களாக வெளிவரும். அவை திரையில் ஒரு புள்ளியை அந்த இடத்தில் வைக்கும். எல்லாச் சமிக்ஞைகளின் மொத்தக் கூட்டு, கதிரின் ஆற்றலைச் சொல்லும். ஆற்றல் குறைந்திருந்தால் அந்தக் கதிர் உடலுக்குள் எங்கோ மோதித் திசைமாறி வந்தது என்று அர்த்தம், அதைத் தள்ளிவிடலாம். ஒரு குழாயின் அகலத்தைவிடப் பலமடங்கு நுணுக்கமாக இடத்தைக் கண்டுபிடித்தது இந்தக் கூட்டல். இன்றும் உலகெங்கும் ஓடும் பெரும்பாலான காமா கேமராக்களின் உள்ளே இதே தர்க்கம்தான் இருக்கிறது. அதற்கு ஆங்கரின் பெயரே நிலைத்துவிட்டது.

1958ல் அறிவியல் கருவிகளுக்கான ஓர் இதழில் அவர் இதை வெளியிட்டார். சிகாகோவைச் சேர்ந்த நியூக்ளியர் சிகாகோ நிறுவனம் விற்பனைக்கென்று செய்த முதல் கேமரா 1962ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மையர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் படிகம் 11 அங்குலமாகவும் குழாய்கள் பத்தொன்பதாகவும் வளர்ந்திருந்தன. 1979ல் சி.டி. ஸ்கேனுக்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிலும் தகுதியான பரிசு. ஆங்கர் 2005ல் காலமானார். நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கோடிக்கணக்கான நோயாளிகள் அவர் கண்டுபிடித்த கருவியின் கீழ் படுத்து எழுந்திருக்கிறார்கள். அணு மருத்துவத்தை நேசிக்கும் எவருக்கும் இது ஆறாத மனக்குறை.

கேமரா பிறந்துவிட்டது. ஆனால் வீணடிப்பும் அதனுடனேயே பிறந்தது. காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையால் வளைத்துக் குவிக்க முடியாது. எந்தக் கதிர் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், நேராக வரும் கதிரை மட்டும் விட்டு, சாய்வாக வருவதையெல்லாம் தடுக்க வேண்டும். அதற்காகப் படிகத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட தடித்த காரீயத் தகட்டை வைக்கிறார்கள். கோலிமேட்டர் என்பது அதன் பெயர். இடியாப்ப அச்சின் அடித்தகட்டைப் பல மடங்கு பருமனாக்கிக் காரீயத்தில் வார்த்தது போல இருக்கும். துளை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் படம் துல்லியம். ஆனால் உள்ளே வரும் கதிர்கள் மிகக் குறைவு. துளையை அகலமாக்கினால் கதிர்கள் கூடும், படம் மங்கிவிடும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே தீர வேண்டும் என்ற இந்த ஒப்பந்தத்தை அடுத்த ஐம்பது ஆண்டுகள் யாராலும் மீற முடியவில்லை.

ஆங்கர் கேமராவுக்கு டெக்னீசியம் கச்சிதமாகப் பொருந்தியது. அதன் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். மெல்லிய படிகமே அதைப் பிடித்துவிடும். அரை ஆயுள் 6 மணி நேரம். படமெடுக்கப் போதும், நோயாளியிடம் நெடுநாள் தங்காது. புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் செய்த ஜெனரேட்டரிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் மருத்துவமனையிலேயே அதைக் கறந்துகொள்ளலாம். அந்த ஜெனரேட்டருக்குக் காப்புரிமை கேட்டபோது, இதற்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி அமெரிக்க அணுசக்தி ஆணையத் தரப்பு கைவிட்டது.

ஆனால் இதயத் தசை வெறும் டெக்னீசியத்தைச் சீண்டாது. அது விரும்பி வாங்குவது பொட்டாசியத்தைத்தான். 1970களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளத்து மருத்துவமனையில் பாரி ஸாரெட், வில்லியம் ஸ்ட்ராஸ் என்ற இரு இளம் மருத்துவர்கள் பொட்டாசியம்-43ஐ எடுத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டார்கள். தமனி பாதி அடைத்திருந்தாலும் சும்மா இருக்கும் இதயத்துக்குப் போதுமான ரத்தம் வந்துவிடுகிறது. பற்றாக்குறை வெளிப்படுவது உழைக்கும்போதுதான். அப்படியானால், உடற்பயிற்சியின் உச்சத்தில் மருந்தை ஏற்றினால் என்ன? 1973ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் இதய மருத்துவத்தின் போக்கையே மாற்றின. உழைப்புப் படத்தில் ஒரு பகுதி மங்கி, ஓய்வுப் படத்தில் அதே பகுதி நிறைந்தால், அங்கே தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் தட்டுப்பாடு. இரண்டிலும் மங்கியிருந்தால் அது பழைய மாரடைப்பின் தழும்பு. இன்று டிரெட்மில்லில் ஓடவிட்டு ஊசி போடும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் நடப்பது இந்த வாதம்தான்.

பொட்டாசியம்-43ன் கதிர்கள் ஆங்கர் கேமராவின் மெல்லிய படிகத்துக்கு அளவுக்கு மீறிய ஆற்றல் கொண்டவை. பழைய வரிவரி ஸ்கேனரைத்தான் நாட வேண்டியிருந்தது. 1975 வாக்கில் புரூக்ஹேவனின் எலியட் லெபோவிட்ஸ் குழு தாலியம்-201ஐ அறிமுகப்படுத்தியது. உடலுக்குத் தாலியம் கிட்டத்தட்டப் பொட்டாசியம் மாதிரி. பாஸ்டனில் ஜெரால்டு போஹோஸ்ட் குழு 1977ல் இன்னொரு வசதியைக் கண்டது. உழைப்பின்போது ஏற்றிய தாலியம் சில மணி நேரத்தில் தசைக்குள் மறுபடி பரவிச் சமன்படுகிறது. ஆக ஒரே ஊசியில் உழைப்புப் படமும் ஓய்வுப் படமும் கிடைத்துவிடும். ஆனால் தாலியத்தின் அரை ஆயுள் மூன்று நாள். அதிகம் ஏற்றினால் உடலுக்குக் கதிர்வீச்சு கூடும். குறைவாக ஏற்றினால் கேமராவுக்குக் கதிர் போதாது. போதாக்குறைக்கு அது வெளிவிடும் கதிர்களும் பெரும்பாலும் 70, 80 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அளவிலான பலவீனமானவை. மார்புச் சதையே பாதியைத் தின்றுவிடும்.

அதுவரை எடுத்தவை தட்டைப் படங்கள். முன் சுவரும் பின் சுவரும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எண்ணி, அதிலிருந்து குறுக்குவெட்டை மீட்டெடுக்கலாம் என்று பென்சில்வேனியாவின் டேவிட் கூல் 1963லேயே காட்டியிருந்தார், சி.டி. ஸ்கேன் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. 1976ல் மிச்சிகனில் ஜான் கீஸ், ஓர் ஆங்கர் கேமராவையே பெரிய சட்டத்தில் பொருத்தி நோயாளியைச் சுற்றிச் சுழலவிட்டார். சர்ல் நிறுவனத்தில் ரொனால்டு யாஷ்சாக் அதை விற்பனைக்குரிய கருவியாக்கினார். ஸ்பெக்ட் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். இதயம் மார்பின் இடப்பக்கம் முன்னால் இருப்பதால் முழு வட்டம் தேவையில்லை. வலது முன்புறத்திலிருந்து இடது பின்புறம்வரை அரை வட்டம் சுற்றினால் போதும் என்பது வழக்கமாயிற்று.

இந்தச் சுழற்சிக்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. கேமரா ஒரு கோணத்தில் நின்று எண்ணும், நகரும், மறுபடி நிற்கும். மொத்தம் 15, 20 நிமிடம். அவ்வளவு நேரமும் நோயாளி இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி, குறுகிய கட்டிலில் அசையாமல் கிடக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அதுவே தண்டனை. சற்று முன்புதான் டிரெட்மில்லில் மூச்சிரைக்க ஓடியவர் அவர். ஆழ்ந்து மூச்சுவிடும்போது உதரவிதானம் கீழிறங்கி நிற்கும். இதயமும் அதனுடன் இறங்கியிருக்கும். மூச்சு தணியத் தணிய, படமெடுப்பின் நடுவிலேயே இதயம் மெல்ல மேலேறும். முதல் கோணத்தில் எடுத்த இதயமும் கடைசிக் கோணத்தில் எடுத்த இதயமும் ஒரே இடத்தில் இருக்காது. கணினி இரண்டையும் ஒன்றாக்கும்போது, நோயே இல்லாத கீழ்ச்சுவரில் ஒரு பள்ளம் தோன்றிவிடும். லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனைக் குழு 1989ல் இதை அடையாளம் கண்டு எழுதியது. அதுவரை எத்தனை பேரை இந்தப் பொய்ப் பள்ளம் ஆஞ்சியோகிராம் மேசைவரை கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. தீர்வு எளிமையானது: ஓடி முடித்ததும் பதினைந்து நிமிடம் பொறுத்து எடுங்கள். கதிர்கள் ஒரே சமயத்தில் கிடைக்காமல் தவணை தவணையாகக் கிடைப்பதுதான் மூலகாரணம் என்பது அப்போதே தெளிவாகியிருக்க வேண்டும்.

1980களில் ஆலன் டேவிசனும் ஆலுன் ஜோன்ஸும் பாஸ்டன் வட்டாரத்தில் உருவாக்கிய செஸ்டாமிபி, டெக்னீசியத்தை இதயத் தசை ஏற்கும்படி செய்தது. 1990ன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தாலியத்தைவிடப் பலமடங்கு ஏற்றலாம், கதிர்களும் அதிகம். அந்தப் பெருக்கத்தால், இ.சி.ஜி.யோடு இணைத்து ஒவ்வொரு துடிப்பையும் எட்டுத் துண்டாகப் பிரித்து எடுக்க முடிந்தது. சீடார்ஸ்-சைனாயில் கீடோ ஜெர்மானோ குழு 1995ல் வெளியிட்ட மென்பொருள், தசையின் உள்விளிம்பைத் தானே கண்டுபிடித்து இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று கணக்குச் சொன்னது. பெண்களின் மார்பகம் முன்சுவரிலும், ஆண்களின் உதரவிதானம் கீழ்ச்சுவரிலும் உண்டாக்கும் நிழல்களையும் இதனால் பிரித்தறிய முடிந்தது: மங்கலாகத் தெரியும் தசை நன்றாகச் சுருங்கினால், அது தழும்பு அல்ல, நிழல்.

மருந்து மேம்பட்டது, கணக்கு மேம்பட்டது. கேமரா? தலைகள் இரண்டாகின, மூன்றாகின. உள்ளே இருந்தது ஆங்கரின் கேமராதான். எலும்பையும் கல்லீரலையும் எடுப்பதற்காக அரை மீட்டர் அகலத்துக்கு வளர்ந்த அந்தப் பெரிய செவ்வகத்தின் முன்னால், ஒரு கைப்பிடி அளவு இதயம் ஒரு மூலையில் துடித்துக்கொண்டிருந்தது. படிகத்தின் பெரும்பகுதி நுரையீரலையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அணு மருத்துவத்தின் வேலையில் பாதியளவு இதயப் படங்களாக மாறிய பிறகும், எல்லா உறுப்புக்கும் பொதுவான கருவியே இதயத்துக்கும் போதும் என்ற எண்ணம் போகவில்லை. கோலிமேட்டரின் வீணடிப்பாவது இயற்பியல் விதித்தது. இந்த இரண்டாவது வீணடிப்பு, யாரும் கேள்வி கேட்காததால் நீடித்தது.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 1960களிலேயே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் மெர்ரில் பெண்டரும் மான்ட்டே பிளாவும், ஒரே பெரிய படிகத்துக்குப் பதில் ஏறத்தாழ 300 சிறு படிகங்களை வரிசையாக அடுக்கி ஒரு கேமரா செய்திருந்தார்கள். இதயத்துக்குள் ரத்தம் பாயும் சில விநாடிகளைப் பிடிப்பதில் அது ஆங்கர் கேமராவை மிஞ்சியது. படத்தின் துல்லியம் போதாததால் பின்னுக்குப் போய்விட்டது. சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து எண்ணும் அந்த யோசனை நாற்பது ஆண்டு காத்திருந்தது.

2000களில் மாற்றம் மூன்று பக்கமிருந்தும் வந்தது. முதலாவது மென்பொருள். கோலிமேட்டரின் துளை வழியே கதிர் எவ்வளவு விரிந்து வரும் என்பதைக் கணக்கில் சேர்த்துப் படத்தை மீட்டெடுக்கும் முறைகள் வந்தன. பழைய கேமராவிலேயே பாதி நேரத்தில் அதே தரமான படம் கிடைத்தது. இரண்டாவது, இதயத்துக்கென்றே சிறிய கேமரா. டிஜிராட் என்ற அமெரிக்க நிறுவனம் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, கேமராவை நிறுத்திவிட்டு நாற்காலியைச் சுழற்றியது. ஒளிப்பெருக்கிக் குழாய்களுக்குப் பதில் ஒளி டயோடுகள். மூன்றாவதுதான் ஆங்கரின் தர்க்கத்தையே விட்டு வெளியே வந்தது.

காட்மியம், துத்தநாகம், டெலுரியம் மூன்றும் சேர்ந்த ஒரு குறைக்கடத்தி. துறையில் அதை சி.இசட்.டி. என்பார்கள். காமாக் கதிர் இதில் மோதினால் ஒளி உண்டாவதில்லை. நேரடியாக மின்னூட்டம் உண்டாகிறது. வித்தியாசத்தை எண்ணிக்கையில் பார்த்தால் புரியும். சோடியம் அயோடைடில் பிறக்கும் ஐயாயிரம் ஒளித்துகள்களில், குழாயில் எலெக்ட்ரானாக மாறுவது ஆயிரத்துக்கும் குறைவு. சி.இசட்.டி.யில் அதே கதிர் சுமார் முப்பதாயிரம் எலெக்ட்ரான்-துளை இணைகளை உண்டாக்குகிறது. எண்ணிக்கை கூடக்கூட அளவீட்டின் தடுமாற்றம் குறையும். பழைய படிகத்தில் ஆற்றலை 10 சதவீதத் தடுமாற்றத்தோடு அளந்தார்கள். இதில் அது 5, 6 சதவீதம். சிதறி வந்த கதிரைத் தள்ளுவது எளிதாயிற்று. இரண்டு வெவ்வேறு ஐசோடோப்புகளை ஒரே சமயத்தில் பிரித்தெடுக்கவும் வழி பிறந்தது. கதிர் எங்கே விழுந்தது என்று ஏழு குழாய்களைக் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. இரண்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டங்களில் எந்தக் கட்டம் மின்னூட்டம் தந்ததோ அதுவே இடம்.

இந்தப் படிகத்தைக் குறையில்லாமல் வளர்ப்பது பெரும்பாடு. வளரும்போதே விரிசலும் கலப்படமும் சேர்ந்துவிடும். நல்ல பகுதி சிறு சிறு துண்டுகளாகத்தான் தேறும். விலையும் கடுமை. அரை மீட்டர் அகலத்துக்கு இதைப் பரப்பிக் கேமரா செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் இதயம் சிறியது. சிறிய படிகத்தால் சிறிய உறுப்பைப் பார்க்கலாமே! இந்தத் தொழில்நுட்பம் முதலில் இதயத்தைத் தேடி வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இஸ்ரேலின் ஸ்பெக்ட்ரம் டைனமிக்ஸ் நிறுவனம் செய்த டி-ஸ்பெக்ட் கேமராவில் நோயாளி சாய்வு நாற்காலியில் உட்காருகிறார். இடது கையைக் கருவியின் மேல் வைத்துக்கொண்டால் போதும். மார்பின் இடப்பக்கத்தை ஒட்டி ஒன்பது குறுகிய சி.இசட்.டி. தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. முதலில் சில விநாடிகள் மார்பு முழுவதையும் மேலோட்டமாகத் துழாவி, இதயம் எங்கே என்று கருவி தெரிந்துகொள்கிறது. பிறகு ஒவ்வொரு தூணும் தன் அச்சிலேயே இடம்வலமாகத் திரும்பி, தன் நேரத்தில் பெரும்பகுதியை இதயம் இருக்கும் திசைக்கே கொடுக்கிறது. கோலிமேட்டர் டங்ஸ்டனால் ஆனது. துளைகள் வழக்கத்தைவிட அகலம். அதனால் வரும் மங்கலை மென்பொருள் சரிசெய்கிறது. ஐம்பது ஆண்டு ஒப்பந்தம் இங்கேதான் தளர்ந்தது. கதிர்களை வாங்கும் திறன் பழைய கேமராவைப் போல எட்டு முதல் பத்து மடங்கு.

அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் 2009 வாக்கில் கொண்டுவந்த கேமராவின் வழி வேறு. அங்கே படமெடுக்கும்போது எதுவுமே அசைவதில்லை. 19 ஊசித்துளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சி.இசட்.டி. தகடு; பத்தொன்பதும் ஒரே புள்ளியைக் குறிவைத்து நிற்கின்றன. எல்லாக் கோணங்களும் ஒரே கணத்தில் பதிவாகின்றன. நடுவில் இதயம் நகர்ந்தாலும், ஒரு கோணம் முன்னும் ஒரு கோணம் பின்னுமாகப் பதிவாகும் குழப்பம் இல்லை. ஆங்கர் ஒரே பார்வையில் முழு உறுப்பையும் பார்க்க விரும்பினார். ஸ்பெக்ட் சுழலத் தொடங்கியபோது அது பறிபோயிருந்தது. இங்கே முப்பரிமாணத்தில் திரும்பிவந்தது.

டாலி ஷாரிரும் சகாக்களும் 2010ல் பல மையங்களில் நடந்த ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பழைய கேமராவில் 15, 20 நிமிடம் எடுத்த படத்தை டி-ஸ்பெக்ட் இரண்டு முதல் நான்கு நிமிடத்தில் தந்தது. அடைப்பின் அளவைக் கணித்ததில் இரண்டும் நெருக்கமாகவே ஒத்துப்போயின.

சரியாக அந்த நேரத்தில்தான் டெக்னீசியமே கிடைக்காமல் போனது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவரில் இருந்த என்.ஆர்.யு. அணு உலையில் கனநீர்க் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு உலை மூடப்பட்டது. டெக்னீசியத்தின் தாய் ஐசோடோப்பான மாலிப்டினம்-99ன் உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உலை திரும்ப இயங்கப் பதினைந்து மாதம் ஆனது. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நின்றது. பல நாடுகளில் இதய ஸ்கேன்கள் தள்ளிவைக்கப்பட்டன. கைவிட்டிருந்த தாலியத்தைப் பலர் மறுபடி எடுத்தார்கள். பத்தில் ஒரு பங்கு கதிர் போதும் என்னும் கேமரா கையில் இருந்தவர்களுக்கு இருக்கும் சொற்ப டெக்னீசியத்தைப் பல நோயாளிகளுக்குப் பகிர்ந்துகொடுக்க முடிந்தது.

நேரத்தைக் குறைப்பதா, மருந்தைக் குறைப்பதா? கேமராவின் புதுத் திறனை எதற்குச் செலவிடுவது என்ற இந்தக் கேள்வியில் என் பக்கம் தெளிவு: மருந்தைத்தான் குறைக்க வேண்டும். 1990களில் பரவியிருந்த ஒரு முறையில், ஓய்வுப் படத்துக்குத் தாலியமும் உழைப்புப் படத்துக்கு டெக்னீசியமும் ஏற்றுவார்கள். மருத்துவமனைக்கு நேரம் மிச்சம், நோயாளிக்கு 20 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு. இயற்கையில் ஒருவர் ஓராண்டில் பெறுவது 2, 3 மில்லி சீவர்ட்தான். 2010ல் அமெரிக்க அணு இதயவியல் சங்கம் ஓர் இலக்கு வைத்தது: 2014க்குள் பாதி நோயாளிகளுக்காவது மொத்தக் கதிர்வீச்சு 9 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது. சி.இசட்.டி. கேமரா இருந்தால் அதைவிடக் கீழேயே இறங்கலாம். உழைப்புப் படத்தை முதலில் எடுத்து, அது குறையில்லாமல் இருந்தால் ஓய்வுப் படமே எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்படியானவருக்கு 2, 3 மில்லி சீவர்ட்டோடு வேலை முடிந்துவிடும். நாற்பது வயதுப் பெண்ணொருவர் நெஞ்சுவலி என்று வரும்போது, இந்த வித்தியாசம் சிறியதல்ல.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்த நிலையில் உறுப்புகள் வேறு இடத்தில் இருக்கும். நிழல் விழும் இடமும் மாறும். பழைய படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிய படங்கள் ஏமாற்றம் தந்தன. பலர் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. இதயம் கருவியின் சிறிய பார்வைக்குள் சரியாக அமையாவிட்டால், இல்லாத நோய் தெரியும். சி.இசட்.டி.யில் மின்னூட்டத்தின் ஒரு பகுதி வழியிலேயே சிக்கிக்கொள்வதால், நல்ல கதிரும் சில சமயம் ஆற்றல் குறைந்ததுபோல் பதிவாகிறது. இதயத்துக்கு மட்டும் பயன்படும் விலையுயர்ந்த கருவியை, எலும்பு ஸ்கேனும் தைராய்டு ஸ்கேனும் பார்க்க வேண்டிய நடுத்தர மருத்துவமனை எப்படி வாங்கும்? இதனால்தான் ஆங்கர் கேமராக்கள் இன்னும் ஓய்வுபெறவில்லை.

அந்தக் கேள்விக்குப் பத்தாண்டுகளில் ஒரு பதில் வந்தது. இதயக் கேமராவில் கற்றதை முழு உடலுக்கும் விரித்து, நோயாளியைச் சுற்றி வளையமாகப் பன்னிரண்டு சி.இசட்.டி. கைகள் நீண்டு உடலை நெருங்கும் கருவிகளை இதே இரு நிறுவனங்களும் 2010களின் இறுதியிலிருந்து கொண்டுவந்தன. இதயத்தில் அமைலாய்டு என்ற புரதம் படியும் நோயை டெக்னீசியம் பைரோபாஸ்பேட்டால் கண்டுபிடிக்கும் முறை இதே காலத்தில் பரவியதும் இவற்றுக்குப் புதிய வேலை தந்தது.

எனினும் இந்தக் கேமராக்கள் தந்த ஆகப் பெரிய வாய்ப்பு இன்னொன்று. இதயப் படம் அடிப்படையில் ஓர் ஒப்பீடு. மிகப் பிரகாசமான பகுதியை நூறாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடுகிறோம். மூன்று தமனிகளும் சம அளவில் அடைத்திருந்தால் எல்லாப் பகுதிகளும் சமமாக மங்கும். படம் குறையில்லாதது போலத் தோன்றும். மிக ஆபத்தான நோயாளியே இப்படித் தப்பிவிடுகிறார். இதற்கு மருந்து, ஒப்பீட்டை விட்டுவிட்டு, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது என்று அளப்பது. அதற்கு ஊசி ஏறிய முதல் விநாடியிலிருந்தே, சில விநாடிகளுக்கு ஒருமுறை முழு முப்பரிமாணப் படம் வேண்டும். ஒரு சுற்று முடிக்கவே பல நிமிடம் எடுக்கும் கேமராவால் அது வழக்கத்துக்கு வரவில்லை. அசையாத பத்தொன்பது ஊசித்துளைகளும், வேகமாகத் திரும்பும் ஒன்பது தூண்களும் இன்று அதைச் செய்கின்றன. ஆனால் ரத்தப் பாய்ச்சல் உயர உயர செஸ்டாமிபியைத் தசை வாங்கும் விகிதம் குறைகிறது. அளவீட்டைக் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. இந்த அளவீட்டை ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது வேறொரு கருவி, வேறொரு ஐசோடோப். 75 விநாடி மட்டுமே அரை ஆயுள் கொண்ட ருபிடியம்-82ஐயும் பெட் ஸ்கேனரையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)